சட்டைக் கையில் ஒரு புலி

வாங்கியவருக்கே சரக்கைப் பற்றி நன்றாகத் தெரியும் என்றால், போலியை விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கவுன்டி நீதிமன்றத்தில் நான் நடத்திய வழக்கு தொடக்கம் முதல் தீர்ப்புவரை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. சரக்கு, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ராணுவச் சட்டை ஒன்று. சண்டை சட்டையைப் பற்றிக்கூட இல்லை. அதன் வலது கையில் தைத்திருந்த உள்ளங்கை அளவு துணிச் சின்னத்தைப் பற்றி. காவி, வெள்ளை, பச்சை என்று மூன்று பட்டைகள், அவற்றின் மேல் பாயும் புலி, உச்சியில் 'ஃப்ரையஸ் இண்டியன்' (சுதந்திர இந்தியா) என்று ஜெர்மன் மொழியில் இரண்டு சொற்கள்.

கட்சிக்காரரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவர் பெயரையோ ஊரையோ, விற்றவர் யார் என்பதையோ சொல்லப் போவதில்லை.

கட்சிக்காரர் பஞ்சாபில் பிறந்து 1960களில் இங்கிலாந்துக்கு வந்தவர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, சாக்சனியில் இருந்த அன்னாபுர்க் கைதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். 1941 ஏப்ரலில் பெர்லின் வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்தக் கைதிகளிடமிருந்துதான் தம் படைக்கு ஆள் சேர்த்தார். அந்தத் தந்தையும் சேர்ந்தார். கோனிக்ஸ்ப்ரூக்கில் பயிற்சி. காகிதத்தில் அதன் பெயர் ஜெர்மன் ராணுவத்தின் 950ஆம் காலாட்படை ரெஜிமென்ட். பேச்சு வழக்கில் இந்திய லெஜியன். ஏறத்தாழ 3,000 பேர். சீக்கியர்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டிக்கொள்ள அனுமதி இருந்தது. 1943 பிப்ரவரியில் போஸ் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கி ஏறிக் கிழக்கே போய்விட்டார். தலைவன் போன பிறகு லெஜியனை முதலில் பெல்ஜியம், ஹாலந்து பக்கமும், பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கரைக்கும் காவலுக்கு அனுப்பினார்கள். 1944 ஆகஸ்டில் அதை நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ். கட்டுப்பாட்டில் சேர்த்துவிட்டார்கள். பின்வாங்கும் வழியில் பிரெஞ்சுக் கிராமத்தாரிடம் அந்தப் படையினர் சிலர் நடந்துகொண்ட விதம் பற்றிக் கசப்பான பதிவுகள் உண்டு. போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களைக் கைதிகளாக இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்தத் தந்தை வீடு திரும்பியபோது கையில் எதுவும் இல்லை. சட்டை இல்லை, சின்னம் இல்லை, படம் இல்லை. முகாமிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக ஊருக்கு வந்த ஓர் அஞ்சலட்டை மட்டும் மிச்சம். அவர் சாகும்வரை அந்த வருஷங்களைப் பற்றிப் பேசவும் இல்லை. மகன் சேகரிப்பாளர் ஆனது அங்கிருந்துதான். தந்தை வாய் திறக்காத நான்கு வருஷத்தை அவர் துணியிலும் தகரத்திலும் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் சந்திப்பிலேயே ஒரு தட்டையான மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் திறந்தார். நான் போலி சம்பந்தமான வழக்கு என்றால் கடிகாரமோ ஓவியமோ என்று நினைப்பவன். பெட்டிக்குள் வரிசை வரிசையாகக் கழுகுகள். வழக்குக்கு வேண்டும் என்பதற்காக அன்று கேட்டுத் தெரிந்துகொண்டவை இன்றும் மறக்கவில்லை.

ஜெர்மன் தரைப்படை அதிகாரியின் கெட்டித் தொப்பியில் மேலே விரிந்த சிறகோடு கழுகு. அதன் காலடியில் வளையத்துக்குள் ஸ்வஸ்திகா. அதற்குக் கீழே ஓக் இலை வளையம், உள்ளே கறுப்பு, வெள்ளை, சிவப்பு வட்டம். விமானப்படையில் கழுகு பறந்து போகும் நிலையில் இருக்கும். இலை வளையத்தின் இரு பக்கமும் சிறகு முளைத்திருக்கும். கடற்படைக்குப் பொன்னிறம். எஸ்.எஸ். தொப்பியில் மூவண்ண வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் மண்டையோடு. தரைப்படையினர் கழுகை வலது மார்பில் தைத்தார்கள், எஸ்.எஸ். காரர்கள் இடது கையில் தைத்தார்கள். எடையை வைத்தே காலத்தைச் சொல்லலாம் என்றார். தொடக்கத்தில் வெள்ளிபோல் மினுங்கும் கனத்த கலப்பு உலோகம். 1930களின் நடுவிலிருந்து இலேசான அலுமினியம். போர் இறுக இறுகத் துத்தநாகம். "இதைத் தொட்டுப் பாருங்கள் வக்கீல் ஜி. ஒரு நாடு வறுமைப்படுவது விரலுக்குத் தெரியும்" என்று ஒரு சாம்பல் நிறக் கழுகை என் கையில் வைத்தார்.

துணிச் சின்னங்களும் அப்படியே. முதல் வருஷங்களில் அடர்பச்சைத் துணிமேல் நெய்தவை. 1940க்குப் பிறகு சீருடையின் சாம்பல் நிறத்தோடு ஒட்டியவை. நெசவில் பெயர் பெற்றது வுப்பர்டால் நகரத்து பெவோ தொழிற்சாலை; ரேயான் நூலில் நாடாபோல் மெல்லியதாக நெய்வார்கள், பின்பக்கத்தைத் திருப்பினால் நூல் ஓடும் பாதை ஒழுங்காகத் தெரியும். உலோகச் சின்னங்களுக்கு லூடன்ஷைட் நகரம். நாஜிக் கட்சி, எஸ்.எஸ். சரக்குக்கு மியூனிக்கில் தனி அலுவலகம் இருந்தது. அது உரிமம் கொடுத்த ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் எண். மியூனிக்கின் டெஷ்லர் கம்பெனி எண் எம்1/52. மண்டையோட்டின் முதுகில் அந்த எண் இருந்தால் அசல் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். போலி செய்கிறவனுக்கும் அச்சு வெட்டத் தெரியும் அல்லவா. இன்று சந்தையில் திரியும் போலிகளில் அந்த எண்ணைத்தான் அதிகம் பார்க்கலாம் என்றார். 1971இல் வெளிவந்த பிரையன் டேவிஸின் ஜெர்மன் ராணுவச் சீருடை நூலின் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

எனக்கு அந்த மண்டையோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. எஸ்.எஸ். ஒரு குற்ற அமைப்பு என்று 1946இல் நூரம்பெர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஜெர்மனியில் இத்தகைய சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின் கீழ்க் குற்றம். கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பிரான்சிலும் அவற்றை அணிந்து வெளியே வந்தால் தண்டனை உண்டு. பிரிட்டனில் வைத்திருக்கவும் விற்கவும் தடை இல்லை. சட்டம் தடுக்காதது எல்லாம் செய்யத் தக்கது ஆகிவிடாது என்பதை வக்கீல்களே அதிகம் சொல்ல வேண்டும்.

"இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று நேராகக் கேட்டேன்.

"கொலை வழக்கில் கத்தியை நீதிமன்ற மேசைமேல் வைக்கிறார்கள். யாராவது அதைக் கும்பிடுகிறார்களா?" என்றார். "என் அப்பா யாருடைய சட்டையைப் போட்டார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நல்ல பக்கத்தை மட்டும் சேகரித்தால் அது பொய்."

அப்போது என் அலுவலகத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் இருந்தார், யூதக் குடும்பம். இந்த வழக்கை எடுப்பதில் அவருக்கு மனச்சங்கடம் உண்டா என்று கேட்டேன். வரவேற்பறையில் ஆட்கள் இருக்கும்போது பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார். பிறகு, "வழக்கை எடுங்கள். போலி பெருகப் பெருக, எல்லாமே போலி என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அது என் பாட்டியின் ஊரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லும்" என்றார். வழக்கை எடுத்துக்கொண்டேன். சட்ட வாதத்தைவிட அந்தப் பதில்தான் என்னை ஒப்புக்கொள்ள வைத்தது.

இனி வழக்கு. 2016இல், இந்த வகைப் பொருள்களை மட்டுமே விற்கும் ஒருவரிடமிருந்து கட்சிக்காரர் லெஜியன் சட்டையை வாங்கினார். விலை 10,000 பவுண்டைச் சற்றுத் தாண்டியது. இந்தத் தொகையால் சிறு வழக்குப் பிரிவில் போட முடியாமல், விசாரணை, நிபுணர் அறிக்கை எல்லாம் உள்ள அடுத்த படிக்குப் போக வேண்டியிருந்தது. விலையின் கணக்கைக் கவனியுங்கள். போர்க்கால ஜெர்மன் சிப்பாய்ச் சட்டை நல்ல நிலையில் கிடைத்தால் அதற்கு ஒரு விலை. புலிச் சின்னம் தனியாகக் கிடைத்தால் அதற்குச் சில நூறு. இரண்டும் ஒன்றாக, போர்க்காலத்திலேயே தைத்த நிலையில், ஒரு கதையோடு வந்தால் பல மடங்கு. அவர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி துணிக்கு அல்ல, இரண்டையும் சேர்த்த தையலுக்குத்தான்.

கதையும் இருந்தது. ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் குடும்பத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஒரு தட்டச்சுக் கடிதம். 1942இல் கோனிக்ஸ்ப்ரூக்கில் உறுதிமொழி எடுத்த நாளில் ஒரு லெஜியன் வீரர் அணிந்திருந்த சட்டை இது, போரின் கடைசியில் அவரிடமிருந்து பெற்றது என்று அதில் இருந்தது. சட்டையின் உள்துணியிலோ 'எம் 43' என்று முத்திரை. மியூனிக் கிடங்கு, 1943. லெஜியன் 1943 வசந்தத்திலேயே கோனிக்ஸ்ப்ரூக்கை விட்டுக் கிளம்பிவிட்டது. 1942இல் எடுத்த உறுதிமொழியை 1943இல் வந்த சட்டையில் எடுத்திருக்க முடியாது.

"இதை நீங்கள் பார்க்கவில்லையா சர்தார்ஜி?"

"பார்த்தேன். புலியையும் பார்த்தேன். பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை."

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த இன்னொரு சேகரிப்பாளர் புற ஊதா டார்ச்சை அதன்மேல் அடித்திருக்கிறார். சின்னத்தின் வெள்ளைப் பட்டை நீலமாக ஒளிர்ந்திருக்கிறது. விற்றவருக்கு எழுதினார். பணம் திரும்பாது என்று பதில் வந்தது. நான் அனுப்பிய நோட்டீசுக்கு வந்த பதிலில்தான் எதிர்த்தரப்பின் முழு வாதமும் இருந்தது: உங்கள் கட்சிக்காரர் கால் நூற்றாண்டாகச் சேகரிப்பவர், எங்களைவிட அவருக்கு அதிகம் தெரியும், தம் கண்ணை நம்பி வாங்கினார், எங்கள் சொல்லை நம்பி அல்ல.

இது வெறும் சாக்கு அல்ல. அதற்குப் பின்னால் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு இருக்கிறது. ஹார்லிங்டன் அண்ட் லென்ஸ்டர் என்ற கலைக்கூடம் 1984இல் கிறிஸ்டோபர் ஹல் என்ற வியாபாரியிடம் 6,000 பவுண்டுக்கு ஓர் ஓவியம் வாங்கியது. ஜெர்மன் ஓவியர் கேப்ரியேல மூன்டர் வரைந்தது என்று விலைச்சீட்டு. ஓவியம் போலி. ஆனால் விற்றவர், தமக்கு ஜெர்மன் ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார். வாங்கியவர்களோ அந்தத் துறையின் வல்லுநர்கள். வாங்கியவர் விவரணையை நம்பி வாங்கியதாகக் கொள்ள முடியாது, ஆகவே விவரணைப்படியான விற்பனை அல்ல என்று மூன்று நீதிபதிகளில் இருவர் தீர்ப்பளித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று தெரியும். எங்கள் கையில் இருந்தது 2015ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டம், 11ஆம் பிரிவு. வியாபாரி நுகர்வோருக்கு விற்கும் பொருள் சொன்ன விவரணைக்குப் பொருந்த வேண்டும். அதைவிட முக்கியமானது, ரசீதில் விற்றவரே கைப்பட எழுதியிருந்த வரி: அசல், போர்க்காலத் தையல், அசல் என்பதற்கு வாழ்நாள் உத்தரவாதம்.

கட்சிக்காரருக்கு மனுவில் 'மோசடி' என்ற சொல் வேண்டும். விற்றவரைத் திருடன் என்று எழுதச் சொன்னார். நான் மறுத்தேன். அது பொய் என்று தெரிந்தே ஒருவர் விற்றார் என்பதற்குக் கையில் உருப்படியான ஆதாரம் இல்லாமல் மோசடி என்று எழுத எங்கள் தொழில் விதி இடம் தராது. விதி இல்லாவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். 11ஆம் பிரிவுக்கு விற்றவரின் மனசு தேவையில்லை. பொருள் விவரணைக்குப் பொருந்தவில்லை என்றால் போதும், நல்லெண்ணத்தோடு விற்றிருந்தாலும் பொறுப்பு உண்டு. இதைப் புரியவைக்க நேரம் பிடித்தது. கடைசியில், "சரி, அவர் திருடனா என்பது எனக்கு வேண்டாம். புலி பொய்யா என்பதை மட்டும் நிரூபியுங்கள்" என்றார். மனு அவ்வளவுக்குச் சுருங்கியது. அதுதான் வழக்கைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

நீதிமன்ற அனுமதியோடு இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு ஜவுளி விஞ்ஞானியை நிபுணராக அமர்த்தினோம். சேகரிப்பாளர் ஒருவரை நிபுணராக வைக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னது. கண்ணால் பார்த்துச் சொல்லும் சாட்சிக்கு எதிராக இன்னொரு கண் சாட்சி வரும், நீதிபதி யாருடைய கண்ணை நம்புவார் என்பது தாயக்கட்டை. நூலைப் பற்றிப் பேச நூலைப் படித்தவர்தான் வேண்டும் என்று வலியுறுத்தினேன்.

அவருடைய அறிக்கை எனக்கு ஒரு பாடப்புத்தகம். முதலில் புற ஊதா ஒளி. வெண்மையைக் கூட்டும் ரசாயனங்கள் இந்த ஒளியில் மின்னும்; போருக்குப் பிந்தைய துணிகளிலும் சலவைப் பொடிகளிலும் அவை பரவலாக உண்டு. சேகரிப்பாளர் உலகில் 'ஒளிர்ந்தால் போலி' என்பது வேதவாக்கு. எதிர்த்தரப்பு எழுத்தில் இரண்டு கேள்விகள் அனுப்பியது. அசல் துணியை இன்றைய சலவைப் பொடியில் துவைத்தால் ஒளிராதா? ஒளிரும் என்றார். போர்க்கால ஜெர்மனியிலேயே இந்த ரசாயனங்கள் இருந்ததில்லையா? இருந்தன, ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனி 1940களின் தொடக்கத்திலேயே அவற்றைத் தயாரித்தது என்றார். கட்சிக்காரர் முகம் இருண்டுபோனது. எனக்கு அந்த நேர்மையான பதில்கள் பிடித்திருந்தன. தமக்குப் பாதகமானதை ஒப்புக்கொள்ளும் நிபுணரைத்தான் நீதிபதிகள் நம்புவார்கள்.

அடுத்தது சட்டையின் துணி. மார்பில் இருந்த கழுகைச் சற்றே தூக்கிப் பார்த்தபோது, அதன் அடியில் இருந்த கம்பளித் துணி சுற்றியுள்ள துணியைவிடக் கருமையாக இருந்தது. வருஷக்கணக்கில் வெயிலும் தூசியும் படாத இடம். கழுகு அங்கேயே பிறந்து அங்கேயே கிடந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். புலியின் அடியில் அப்படி நிழல் எதுவும் இல்லை. அடித்துணியும் சுற்றுத்துணியும் ஒரே வெளுப்பு.

கடைசியாக நுண்ணோக்கி. சின்னத்தின் மடிப்புக்குள் பிரிந்திருந்த இழைகளை எடுத்துப் பார்த்தார். கழுகின் நூல் ரேயான். எரித்தால் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். புலியின் நூல் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றது. பாலியெஸ்டர்.

இந்த ஒரு சொல்லில் வழக்கு முடிந்தது என்றே சொல்லலாம். ஏன் என்பதை நீதிபதிக்கு விளக்கிய பகுதியைத்தான் நான் ரசித்து வாதிட்டேன். செயற்கை இழை என்று மட்டும் இருந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு வழி இருந்தது. நைலானின் தம்பி என்று சொல்லத்தக்க பெர்லான் இழையை ஜெர்மன் விஞ்ஞானி பவுல் ஷ்லாக் 1938இலேயே கண்டுபிடித்துவிட்டார். பாலியெஸ்டர் இழையோ இங்கிலாந்தின் சரக்கு. லங்காஷயரில் காலிக்கோ பிரின்டர்ஸ் சங்கத்தில் வேலை பார்த்த வின்ஃபீல்டும் டிக்சனும் 1941இல் கண்டுபிடித்தது. போர் நடந்ததால் ரகசியமாக வைத்திருந்தார்கள். கடைக்கு வந்தது போருக்குப் பிறகுதான். எதிரி நாட்டின் ரகசிய ஆய்வகத்தில் இருந்த இழையை எடுத்து ஜெர்மன் நெசவாளி 1942இல் புலி நெய்திருக்க முடியாது. சின்னத்தைச் சட்டையோடு தைத்த நூலும் அதே பாலியெஸ்டர்தான். பிற்காலத்தில் யாராவது பழுது பார்த்துத் தைத்த நூலாக இருக்கலாமே என்று எழுத்தில் கேட்டார்கள். தையல் நூலுக்கு அது பொருந்தலாம், சின்னத்தின் பாவு நூலுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் நிபுணர் பதில் எழுதினார்.

நல்ல சட்டை, நல்ல கழுகு, பொய்ப் புலி. இந்தத் தொழிலின் தந்திரமே இதுதான். எல்லாவற்றையும் போலியாகச் செய்தால் பிடிபடும். விலை குறைந்த அசலை வாங்கி, விலையை ஏற்றும் ஒரே ஒரு போலியை அதில் ஒட்டினால், அசலின் நம்பகம் போலிக்கும் பரவும். பொய்ச்சாட்சி சொல்ல வருகிறவன் பத்து விவரங்களில் ஒன்பதை உண்மையாகச் சொல்வதை நான் கூண்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் திறமைசாலி. அறிக்கையை எதிர்க்காமல், நேராகக் கட்சிக்காரரின் அறிவைத்தான் குறிவைத்தார்.

"உங்களிடம் புற ஊதா டார்ச் உண்டா?"

"உண்டு."

"அன்று எடுத்துப்போனீர்களா?"

"இல்லை."

"முத்திரையில் 43 என்று இருந்தது தெரியும்?"

"தெரியும்."

"கடிதத்தில் 1942 என்று இருந்ததும் தெரியும். ஆகவே நீங்கள் கடிதத்தை நம்பவில்லை. உங்கள் கண்ணை நம்பினீர்கள்."

கட்சிக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஐயா, கடிதம் யாரோ எழுதியது. கிழவர்கள் வருஷத்தை மாற்றிச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன். ரசீது இவர் எழுதியது. வாழ்நாள் உத்தரவாதம் என்று தம் கையால் எழுதித் தருகிறவர் முன்னால் நான் டார்ச் அடித்துப் பார்ப்பது அவரைத் திருடன் என்று சொல்வதாகாதா?"

மோசடி என்ற சொல்லை மனுவில் எழுதாமல் விட்டதன் பலன் அந்த நிமிஷத்தில் கிடைத்தது. எழுதியிருந்தால் இந்தப் பதிலுக்கு நாங்களே முரணாக நின்றிருப்போம்.

விற்றவரிடம் நான் அதிகம் கேட்கவில்லை. சட்டையை எங்கே வாங்கினீர்கள்? ஒரு சந்தையில், ரொக்கத்துக்கு. ரசீது? இல்லை. கடிதம் எழுதிய குடும்பத்தாரிடம் பேசினீர்களா? இல்லை, கடிதம் சட்டையோடு வந்தது. உங்கள் கடையில் புற ஊதா விளக்கு உண்டா? உண்டு. இந்தச் சட்டைமேல் அடித்தீர்களா? நெசவைப் பார்த்தாலே எனக்குத் தெரியும் என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு எதுவும் இல்லை. தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி விற்றவர் ஹல். தமக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி விற்றவர் இவர். அவர் வாயாலேயே வேறுபாடு பதிவாகிவிட்டது.

எதிர்த்தரப்பு இரண்டு மாற்று வாதங்களும் வைத்தது. சட்டை அசல்தானே, புலிக்கு உரிய விலையை மட்டும் குறைக்கலாமே என்பது ஒன்று. ஆறு மாதத்துக்குப் பிறகு பொருளைத் திருப்பினால், அதைப் பயன்படுத்திய காலத்துக்காகப் பணத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, இவர் வருஷக்கணக்கில் கண்ணாடிப் பேழையில் வைத்து அழகு பார்த்தார் என்பது இன்னொன்று. மாவட்ட நீதிபதி இரண்டையும் ஏற்கவில்லை. விற்றது ஒரு சட்டையையும் ஒரு சின்னத்தையும் அல்ல, ஒரு லெஜியன் சட்டையை. அப்படி ஒரு பொருள் அங்கே இல்லவே இல்லை. இல்லாத பொருளை அவர் அனுபவித்ததாகக் கழிக்க முடியாது. வாங்கியவருக்கு அறிவு இருந்தாலும், எழுதித் தந்த உத்தரவாதத்தை நம்பும் உரிமை அதனால் போய்விடாது. முழுப்பணமும் வட்டியோடும் நிர்ணயித்த செலவுத்தொகையோடும் திரும்ப வேண்டும்.

கட்சிக்காரர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. என் கையைப் பிடித்து, "அப்படியானால் சட்டை அவரிடமே போகுமா?" என்றார்.

ஆமாம். ஒப்பந்தம் முறிந்தால் பணம் ஒரு பக்கம், பொருள் இன்னொரு பக்கம் போக வேண்டும். நாம் வென்றதால் அந்தப் புலி மீண்டும் சந்தைக்குப் போகும். வேறொரு ஊரில் வேறொரு சிப்பாயின் பிள்ளை அதை வாங்குவார். போலிப் பொருள் வழக்குகளில் வக்கீல்கள் அதிகம் யோசிக்காத இடம் இது. பணம் வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிறோம். அடுத்து ஏமாறப் போகிறவர் நம் கட்சிக்காரர் அல்ல என்பதால் அவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஆணை எழுதப்படும் முன் எழுந்து நீதிபதியிடம் இதைச் சொன்னேன். விற்றவரின் உடைமையில் அடையாளம் போடச் சொல்லித் தம்மால் ஆணையிட முடியாது, தரப்பினர் தாங்களாக ஒத்துக்கொண்டால் பதிவு செய்கிறேன் என்றார். வெளியே தாழ்வாரத்தில் பேசினோம். பணம் கட்டக் கூடுதல் அவகாசம் தருகிறோம், புலியை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றேன். விற்றவர் நெடுநேரம் யோசித்தார். அவருக்கும் அந்தச் சின்னம் கடைக்குத் திரும்பி வருவதில் விருப்பம் இல்லை என்றுதான் தோன்றியது. ஒத்துக்கொண்டார். என் அலுவலகத்தில், இரு தரப்பார் முன்னிலையில், ஒரு தையல்காரர் அந்தப் பாலியெஸ்டர் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சட்டை வெறும் காலாட்படைச் சட்டையாக விற்றவரிடம் போயிற்று. சின்னத்தின் பின்பக்கத்தில் கட்சிக்காரர் அழியாத சிவப்பு மையால் 'நகல்' என்று எழுதி, நிபுணர் அறிக்கையின் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பணம் இரண்டு தவணையில் முழுதாக வந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மலேயாவிலும் பர்மாவிலும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர் பலர். அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வீட்டுப் பெட்டிகளில் இன்னும் தொப்பி வில்லையோ தோள்பட்டைத் துணியோ கிடக்கலாம். அப்படி இருந்தால் துவைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், வேறு துணியில் எடுத்துத் தைக்காதீர்கள். அணிந்தவர் யார், எந்தப் பிரிவு, எங்கே சேர்ந்தார், எப்போது திரும்பினார், இதைச் சொன்னவர் யார் என்று ஒரு தாளில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு அதோடு வையுங்கள். விற்பதாக இருந்தால் தாளையும் பொருளையும் பிரிக்காமல் கொடுங்கள். வாங்குகிறவராக இருந்தால், விற்பவர் வாயால் சொல்வதை அவர் கையாலேயே ரசீதில் எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் ஒப்பந்த வழக்குப் போட ஆறு வருஷம் அவகாசம் உண்டு. அந்த ரசீதைத் தொலைத்துவிட்டால் ஆறு வருஷம் இருந்தும் பயனில்லை.